இறங்கிக்கொண்டே போன நாற்காலி

அந்தத் தெருவில் முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பெண்ணுக்குத் தோன்றினாலும் மாடிப்படி ஏறி நெட்டையக்காவிடம்தான் போவாள். கீழே மருந்துக்கடை, மேலே அக்காவின் பார்லர். ஒரே அறை. ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, தலை அலச ஒரு தொட்டி, காத்திருப்பவர்களுக்கு ஸ்பிரிங் தொய்ந்த ஒரு சோபா. உதவிக்கு ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒருத்திதான், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நெட்டையக்கா என்பது உயரத்தால் வந்த பெயர். பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டவர்களை அடிக்கப் போனவள், பின்னாளில் பெயர்ப்பலகை எழுத வந்த பெயிண்டர் கடைக்கு என்ன பெயர் என்று கேட்டபோது தானே அதைச் சொல்லி எழுத வைத்துவிட்டாள்.

நாற்காலியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். வம்பெல்லாம் அதில்தான் ஒளிந்திருந்தது. அடியில் எண்ணெய் பம்பு வைத்த நாற்காலி. மிதியைக் காலால் ஒரு தடவை மிதித்தால் இரண்டு விரல் அளவு ஏறும். அழுத்திப் பிடித்தால் புஸ்ஸென்று இறங்கும். அக்கா தன் உயரத்துக்குத் தகுந்தபடி எப்போதும் பதினொரு மிதி மிதித்து வைத்திருப்பாள். குள்ளமான பெண்கள் அதில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் ஆடும். அதைப் பற்றி யாராவது முணுமுணுத்தால், “உனக்கு வெட்டறது தலையை, காலை இல்ல” என்பாள்.

ஒருநாள் காலையில் வலது தோளில் வலியோடு எழுந்தாள். தூக்கத்தில் அமுங்கியிருக்கும் என்று தைலம் தேய்த்தாள். போகவில்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் மூன்று மாதம் ராத்திரியெல்லாம் மல்லாந்தே கிடந்தாள். பிறகு வலி மெல்லத் தணிந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். ஆனால் வலி சும்மா போகவில்லை, கையை மேலே தூக்கும் வித்தையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அதை அக்கா கவனிக்கவே இல்லை என்றால் நம்ப மாட்டீர்கள். ஆனால் நடந்தது அதுதான். ஒரு நாள் பத்து மிதியோடு கால் நின்றுகொண்டது. அடுத்த வாரம் ஒன்பது. கை எட்டவில்லை என்றால் தலையைக் கீழே கொண்டுவந்துவிட வேண்டியது, அவ்வளவுதானே. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அவளுடைய காலே அவளைக் கேட்காமல் அந்தக் காரியத்தைப் பார்த்துக்கொண்டது. நான்கு மாதம் முடிவதற்குள் நாற்காலி இரண்டு மிதிக்கு வந்துவிட்டது.

மனுஷ புத்திக்குச் சாக்குக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்காவுக்கு அது கூடுதலாகவே வரும். மேல் தட்டில் இருந்த ஷாம்பு பாட்டில்கள் எல்லாம் இடுப்பு உயரத் தட்டுக்கு இறங்கின. தூசி படிகிறது என்றாள். முதுகுப் பக்கம் ஜிப் வைத்த சட்டைகளுக்குக் காலையில் கணவரைக் கூப்பிட்டாள். “நீங்க இழுத்தாத்தான் ஜிப்பு சிக்காம வருது” என்றாள். தன் தலையைத் தானே வாரிக்கொள்ள முடியாமல் போனதும், இடுப்பு வரை இருந்த முடியை முன்னால் இழுத்துப் போட்டுக் காதளவுக்குக் கத்தரித்துத் தள்ளினாள். கேட்டவர்களிடம், “இதுதான் இப்ப ஃபேஷன்” என்றாள். வேடிக்கை என்னவென்றால் அது நிஜமாகவே ஃபேஷன் ஆகிவிட்டது. ஒரே மாதத்தில் பதினேழு பெண்கள் அக்கா மாதிரியே வேண்டும் என்று வந்து வெட்டிக்கொண்டு போனார்கள். மருந்துக்கடைக்காரரின் மனைவி கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பூரித்துப்போய், “எங்கேயிருந்துக்கா உங்களுக்கு இப்படி ஐடியா எல்லாம் வருது?” என்று கேட்டாள். தோளிலிருந்து என்று அக்கா சொல்லவில்லை.

ஆனால் உடம்பு ஒரு இடத்தில் விட்டதை இன்னொரு இடத்தில் பிடித்துவிடும். அவ்வளவு உயரமான பெண், அவ்வளவு தாழ்ந்த நாற்காலி. காலையிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்தே நின்றால் முதுகு என்ன செய்யும், பாவம். அக்காவுக்கு இடுப்புக்கு மேலே கத்தி செருகினாற்போல் வலித்தது. தோளைப் பற்றி மூச்சு விடாதவள் முதுகைப் பற்றித் தெரு முழுக்கச் சொன்னாள். முதுகுவலி கௌரவமானது. உழைக்கிறவர்களுக்கு வருவது. கை தூக்க வரவில்லை என்று சொன்னால், கத்தரிக்கோல் பிடிக்கிறவளைப் பார்த்து ஊர் வேறு மாதிரி யோசிக்கும்.

அதுவும் நாத்தனார் காதில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். கணவரின் தங்கை, ஆறு மாத அழகுக்கலைப் படிப்பு படித்துச் சான்றிதழைச் சட்டம் போட்டு வைத்திருப்பவள். நல்லவள்தான். ஆனால் வாரம் ஒருமுறை வந்து சோபாவில் உட்கார்ந்தால், “அண்ணி, முடியலைன்னா சொல்லுங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லாமல் எழுந்திருக்க மாட்டாள். சொல்லும்போதே அவள் கண்கள் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அளந்துகொண்டிருக்கும். அக்காவுக்கு அந்தக் கடைதான் எல்லாம். தன் கையால் தான் நடத்தும் கடை. வலது கை ஓய்ந்தால் அன்றைக்கே அது நாத்தனார் கடை. இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் ராத்திரி மல்லாந்து படுத்துக்கொண்டு நினைத்ததெல்லாம் இதைத்தான்.

முதுகைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனாள். பின்பக்கக் கட்டடத்தில் ஒரு நீள அறை. தரையில் பாய்கள், சுவரோரம் பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், மூலையில் ஒரு கையை எங்கோ தொலைத்துவிட்ட பிளாஸ்டிக் எலும்புக்கூடு. அங்கே இருந்த பிசியோதெரபி அம்மாவுக்கு நோயாளிகள் வைத்திருந்த பெயர் பத்துத்தடவை. யாருக்கு எது சொன்னாலும், “பத்துத் தடவை, மூணு செட்” என்று முடிப்பதால் வந்த பெயர். குள்ளம். குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு.

அவள் சொன்ன சொல் தட்டாமல் அக்கா செய்தாள். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கினாள், முழங்காலை மார்போடு அணைத்தாள், பூனை மாதிரி முதுகை வளைத்தாள். ஆறு வாரம். பார்லருக்குத் திங்கள்கிழமை விடுமுறை. திங்கள் சாயங்காலம் முதுகு பூப்போல இருக்கும். புதன்கிழமை மதியம் பார்த்தால் பழைய கத்தி பழைய இடத்தில். பத்துத்தடவை மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள்.

“வீட்ல பாரம் ஏதாவது தூக்கறீங்களா?”

“இல்லைங்க. அவரு பிளம்பரு. பாரமெல்லாம் அவருதான் தூக்குவாரு.”

“கடையில எப்படி நிக்கிறீங்க?”

“எப்படி நிப்பேன், ரெண்டு காலாலதான்.”

பத்துத்தடவை அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு சனிக்கிழமை மதியம், சொல்லாமல் கொள்ளாமல் மாடிப்படி ஏறி வந்து, “முடி வெட்டிக்கணும்” என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்று சொல்வதுதான் சரி. அவ்வளவு கீழே நாற்காலி இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முழங்கால்கள் மேலெழும்பி முகவாய்க்கு வந்தன. எதிரில் இருந்த கண்ணாடியில் அவளுடைய நெற்றியும் உச்சியும் மட்டும் தெரிந்தன.

“நாற்காலி ரிப்பேராக்கா?”

“இல்லையே. புத்தம் புதுசு மாதிரி வேலை செய்யுது.”

“அப்ப கொஞ்சம் ஏத்துங்க. என் மூஞ்சியை நானே பார்க்க முடியலை.”

அக்கா வேண்டாவெறுப்பாக மூன்று மிதி மிதித்தாள். துணியைப் போர்த்தி வெட்ட ஆரம்பித்தாள். பிடரிப் பக்கம் சுலபமாக நடந்தது. உச்சிக்கு வந்தபோது முழங்கை விலாவைவிட்டு அசையவில்லை. அக்கா நுனிக்காலில் எழும்பினாள். உடம்பை இடது பக்கம் ஒரேயடியாகச் சாய்த்தாள். வலது தோள் காதைத் தொட்டது. இருபத்திரண்டு வருஷமாக முடி வெட்டுகிறவள் அப்போது பார்ப்பதற்கு ஒற்றைக்காலில் நின்று பரணில் எதையோ தேடுகிறவள் போல இருந்தாள். பத்துத்தடவை கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நிறுத்துங்க. கத்தரியைக் கீழே வச்சிட்டு வலது கையைத் தூக்குங்க.”

“எதுக்கு?”

“சும்மா. மேல தூக்குங்க.”

அக்கா தூக்கினாள். கை மார்பளவு வந்து நின்றது. அதற்கு மேல் தோள்தான் ஏறியது, கை ஏறவில்லை.

“இவ்வளவுதான் வரும். தொழிலுக்கு இது போதும்.”

“தொழிலுக்குப் போதும்னுதான் நாற்காலியைத் தரையில இறக்கி வச்சிருக்கீங்களா?”

அக்கா நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். பதினொரு மிதி நாற்காலி. எப்போது இவ்வளவு கீழே போனது என்று அவளுக்கே திக்கென்றது.

பத்துத்தடவை, பிடரி வெட்டியும் உச்சி வெட்டாமலும் இருந்த தலையோடு, போர்த்திய துணியோடு எழுந்து நின்றாள். அக்காவின் கையைத் தானே பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். போகவில்லை. முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். சங்கிலி போட்ட கதவு மாதிரி நின்றது.

“எத்தனை மாசமா?”

“ஒரு ரெண்டு வாரமா...”

“அக்கா.”

“ஒன்பது மாசம்.”

“நான் முதுகை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். கையைத் தூக்குங்கன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். என் தப்புதான். தோள் உறைஞ்சு போச்சுக்கா. மூட்டைச் சுத்தி இருக்கிற உறை சுருங்கி இறுகிடுது. முதுகு பாவம், அதுக்கு ஒண்ணும் இல்ல. தோளுக்குப் பதிலா அது குனிஞ்சிருக்கு. திங்கட்கிழமையே டாக்டரைப் பார்க்கணும். வாங்க, எழுதித் தர்றேன்.”

“முதல்ல உட்காருங்க. பாதித் தலையோட என் கடையிலிருந்து யாரும் இறங்கினதில்லை.”

டாக்டர் தோளைப் பார்த்துவிட்டு விரலில் ஊசி குத்தினார். தோளுக்கு வந்தால் எதற்கு விரலில் குத்துகிறார் என்று அக்காவுக்கு விளங்கவில்லை. சர்க்கரை இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, சில வருஷமாகவே குடியிருந்திருக்கும் போல. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இப்படி உறைவது அதிகம் என்றார் டாக்டர். தோளுக்கு ஒரு ஊசி போட்டார், சர்க்கரைக்கு ஒரு மாத்திரையும் தினம் அரைமணி நடையும் எழுதினார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:

“பன்னிரண்டு வாரம் பயிற்சி பண்ணுங்க. கை நல்லா மேல வந்துட்டா ஒண்ணும் வேண்டாம். வரலைன்னா மயக்கம் குடுத்து நாங்களே அசைச்சு விடுவோம். அதுக்கப்புறம் ஒரு ஆறு வாரம் கடைப் பக்கம் போக முடியாது.”

மற்றதெல்லாம் அக்கா காதில் விழவில்லை. ஆறு வாரம் மட்டும் விழுந்தது. ஆறு வாரம் நாத்தனார் அந்தக் கடையில் நின்றால் ஏழாவது வாரம் பெயர்ப்பலகை மாறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பிளம்பர் அமைதியான மனிதர். குழாய்களோடு பேசிப் பழகியவர், மனிதர்களோடு கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவார். முழுசாகக் கேட்டுவிட்டு, “அப்ப அந்த ஜிப்பு?” என்றார்.

“கை பின்னால போகலை. அதான்.”

“தினமும் காலையில கூப்பிட்டியே.”

“ஆமா.”

“நான் வேற மாதிரி நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாதக்கணக்காகத் தினம் காலையில் சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டு, மெதுவாகச் சீட்டியடித்துக்கொண்டு அவர் வேலைக்குப் போனதன் காரணம் இப்போதுதான் தெரிந்தது. “அதையே நெனச்சுக்கோங்க, எனக்கு ஒண்ணும் நஷ்டமில்லை” என்றாள். அவர் காது சிவந்துவிட்டது. மறுநாள் எங்கிருந்தோ ஒரு சிறிய கப்பியும் கயிறும் கொண்டுவந்து படுக்கையறைக் கதவுக்கு மேலே மாட்டிக்கொடுத்தார். நல்ல கை கயிற்றைக் கீழே இழுக்க, உறைந்த கை மேலே போக வேண்டும்.

பத்துத்தடவை நான்கு பயிற்சி கொடுத்திருந்தாள். மேஜையைப் பிடித்துக் குனிந்து வலது கையைத் தொங்கவிட்டு வட்டமாக ஆட்டுவது. விரல்களால் சுவரில் நடந்து மேலே ஏறுவது. கப்பி. அப்புறம் ஒரு குடையை இரண்டு கையிலும் பிடித்து வலது கையை வெளிப்பக்கம் தள்ளுவது. எல்லாம் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு நான்கு வேளை. வலி பத்தில் நாலுக்கு மேல் போகக் கூடாது.

அக்காவா இதைக் கேட்பாள்? பன்னிரண்டு வார வேலையை மூன்று வாரத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். பத்துத் தடவை என்றால் ஐம்பது. நாலு வரை வலி என்றால் கண்ணில் தண்ணீர் வரும் வரை. கப்பிக் கயிற்றை இழுத்த இழுப்பில் கதவு நிலையே ஆடியது. ஐந்தாம் நாள் கத்தரிக்கோலைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தோள் பழுக்கக் காய்ச்சின மாதிரி எரிந்தது. “இன்று விடுமுறை” என்று கடைக் கதவில் எழுதி ஒட்டினாள். அதுவும் இடது கையால், கோணல்மாணலாக.

பத்துத்தடவை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்படி ஒரு பார்வை பார்த்தாள்.

“சிக்கு விழுந்த முடியை எப்படி எடுப்பீங்க?”

“நுனியிலேர்ந்து. கொஞ்சம் கொஞ்சமா.”

“அவசரமா இருக்குன்னு உச்சியிலேர்ந்து ஒரே இழுப்பா இழுத்தா?”

“கொத்தா கையோட வந்துடும்.”

“தெரியுது இல்ல. பிறகென்ன.”

தன் கடையில் எவளாவது சீப்பை அப்படி இழுத்தால் கையிலேயே ஒன்று போடுகிறவள், தன் தோளுக்கு மட்டும் அதைச் செய்திருக்கிறாள். அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து பத்து என்றால் பத்து. பத்தாவது முடிந்ததும் இன்னும் ஒன்று செய்யலாமே என்று கை துடிக்கும். செய்ய மாட்டாள்.

முதுகுக்காகச் சக்கரம் வைத்த முக்காலி ஒன்று வந்தது. குனிந்து நிற்பதற்குப் பதிலாக அக்கா அதில் உட்கார்ந்து வாடிக்கையாளரைச் சுற்றிச் சுற்றி உருண்டு முடி வெட்டினாள். முதல் வாரம் சிரிக்காதவர்கள் இல்லை. சுவரில் நடக்கும் பயிற்சியைக் கண்ணாடியிலேயே செய்தாள். வாரத்துக்கு ஒருமுறை விரல் நுனி எட்டிய இடத்தில் லிப்ஸ்டிக்கால் ஒரு சின்னக் கோடு. பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்று கோடுகள் கண்ணாடி ஓரமாக மெல்ல மேலே ஏறின. கேட்பவர்களிடம் இனிமேல் சாக்குச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள். “தோள் உறைஞ்சு போச்சு, தட்டிக் கொட்டிக்கிட்டு இருக்கேன்” என்றாள். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்தத் தெருவில் எத்தனை பேர் தோளையும் முழங்காலையும் கழுத்தையும் ஒளித்துவைத்திருந்தார்கள் என்று. மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கும் ஒரு வருஷமாக இடது கை பின்னால் போகவில்லையாம். அவளையும் பத்துத்தடவையிடம் அனுப்பி வைத்தாள்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அரைமணி நடை. கணவரும் கூட வந்தார். அவளுடைய ஒரு எட்டு அவருக்கு ஒன்றரை எட்டு. மூச்சு வாங்கப் பின்னால் ஓடிவருவார். வழியில் யாராவது குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் போதும், நின்றுவிடுவார். சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. அதைவிட முக்கியம், இத்தனை வருஷத்தில் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த தெருக்களைத் தவிர வேறெதையும் பார்க்காதவள் இப்போது ஊரைப் பார்த்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

எட்டாவது வாரம் வரை கோடுகள் ஏறின. ஒன்பதாவது வாரம் ஒரு நகக்கண் அளவு. அதற்குப் பிறகு கோடு நின்றுவிட்டது. பத்தாவது வாரமும் அதே இடம். பதினொன்றாவது வாரமும் அதே இடம். கை தோளுக்குச் சற்று மேலே வந்திருந்தது, அதற்கு மேல் அசையவில்லை. அக்கா பத்துத்தடவையிடம் போய் நின்றாள்.

“பாதிதான் உறைவு, மீதி நீங்க” என்றாள் பத்துத்தடவை. “அந்தக் கோட்டைப் பார்த்ததுமே தோளை இறுக்கிக்கிறீங்க. வலிக்கும் வலிக்கும்னு உடம்பு முன்கூட்டியே கதவைச் சாத்திக்குது.”

“சாத்தாதேன்னு சொன்னா கேக்குமா?”

“சொன்னா கேக்காது. தானா திறக்கணும்.”

இது என்ன வைத்தியம் என்று அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. பன்னிரண்டாவது வாரம் பிறந்தது. நாளைக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்ற நிலையில் நாத்தனார் வந்தாள். நல்ல எண்ணத்தோடுதான் வந்தாள், பையில் சான்றிதழும் கொண்டுவந்திருந்தாள். அக்கா ஒரு பெண்ணுக்குத் தலை அலசிக்கொண்டிருந்த நேரத்தில் நாற்காலியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணி, என் உயரத்துக்கு ஆறு மிதி சரியா இருக்கு. பார்த்து வச்சுக்கிட்டேன்” என்றாள்.

“சரி” என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. நாத்தனார் போன பிறகு கண்ணாடி முன்னால் நின்று விரல்களை ஏற்றிப் பார்த்தாள். அதே கோடு. ஈரத் துணியை எடுத்து எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டாள்.

அன்றைக்கு நடக்கவே பிடிக்கவில்லை. கணவர்தான் செருப்பை எடுத்து வைத்து, “சர்க்கரைக்காகவாவது வா” என்றார். அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. தோள் மேல், டாக்டர் மேல், பத்துத்தடவை மேல், ஆறு மிதி மேல். பஸ் நிறுத்தம் வரை வந்து திரும்பிப் பார்த்தால் கணவரைக் காணோம். தூரத்தில், ஒரு வீட்டு வாசலில் நின்று யாருக்கோ குழாய் எப்படித் திரும்பும் என்று கையால் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு மனைவி மயக்க மருந்துக்குப் போகிறாளா இல்லையா என்று இருக்கிறது, இவருக்கு வாஷர் முக்கியம்.

“வர்றீங்களா இல்லையா” என்று கத்திக்கொண்டே கையை வீசினாள்.

பின்னால் கிரீச்சென்று சத்தம். ஒரு பஸ் வந்து அவள் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, “ஏறுங்கம்மா” என்றார்.

“நான் ஏறலைங்க.”

“அப்புறம் எதுக்குக் கையைக் காட்டி நிறுத்தினீங்க?”

“நான் எங்கே கையைக் காட்டினேன்?”

“இன்னும் இறக்கவே இல்லையேம்மா.”

அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய வலது கை காதுக்குப் பக்கத்தில், தலைக்கும் மேலே, விரல்கள் விரிந்தபடி நின்றுகொண்டிருந்தது. இடது கை இல்லை, வலது கைதான். தோள் இழுத்தது, உள்ளே எங்கோ விண்ணென்றது. ஆனால் அந்த வலி பத்தில் மூன்றுகூட இருக்காது. அவள் கையை இறக்கவில்லை. இறக்கினால் மறுபடி ஏறுமோ ஏறாதோ என்று ஒரு நொடி பயந்தாள். பிறகு துணிந்து இறக்கினாள். மறுபடியும் தூக்கினாள். ஏறியது.

“ஏறுவீங்களா மாட்டீங்களா?” என்றார் கண்டக்டர்.

அக்கா ஏறிவிட்டாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. உள்ளே ஆளே இல்லை. இருக்கைகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. அவள் நடுவில் போய் நின்று வலது கையை உயர்த்தி மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பி குளிர்ந்திருந்தது. பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியே பார்த்தால் கணவர் நடைபாதையில் ஓடி வந்துகொண்டிருந்தார். “ஏய், எங்கே போற” என்று அவர் கேட்பது வாயசைவில் தெரிந்தது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. இடது கையால் அவருக்கு டாட்டா காட்டினாள்.

“சீட்டெல்லாம் காலியா கிடக்கு, உட்காருங்கம்மா” என்றார் கண்டக்டர்.

“இல்லப்பா. பிடிச்சுக்கிட்டே வர்றேன்.”

“எங்கே போகணும்?”

“அடுத்த ஸ்டாப். இல்ல, அதுக்கும் அடுத்தது.”

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். அக்கா பையைத் துழாவிச் சில்லறையை இடது கையாலேயே தேடி எடுத்தாள். வலது கை கம்பியை விடுவதாக இல்லை.